முள்ளில்லாக் கத்தரி

பிப்ரவரி 3

ஆபீஸிலிருந்து வந்தபோது மச்சினியின் மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தாடை அப்படியே அவள் அப்பனுடையது. அது அவள் குற்றமில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். ஜூலை பன்னிரண்டு.

"பெரியப்பா, நீங்க வரணும். அப்பா அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

பார்க்கலாம் என்றேன். டீ குடித்துவிட்டுப் போனாள். என் மனைவி ஒரே தம்ளரை வெகுநேரம் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றால் பார்க்கலாம் என்றுதான் அர்த்தம் என்றேன். அவள் மறுபடி தம்ளரிடமே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 4

மனதுக்குள் ஆயிரம் முறை ஓட்டிய கதை. காகிதத்தில் ஒருமுறைகூட வைத்ததில்லை. வைக்கிறேன்.

விதைப் பண்ணையில் நான் வயல் பொறுப்பாளன். என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவன், உலர்த்தும் அறைக்குப் பொறுப்பு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே நான். அந்த வருடம் நாங்கள் கொடுத்தது நீள ஊதாக் கத்தரி விதை. செடியில் முள் என்பதே கிடையாது. அதுதான் அந்த ரகத்தின் பெருமை. நான்கு மாதம் கழித்து, வாங்கி விதைத்தவர்கள் கும்பலாக வந்து நின்றார்கள். கலப்பட விதை, செடிக்குச் செடி வேறு மாதிரி, முள் வேறு குத்துகிறது என்று ஒரே கூச்சல். கோபத்தில் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டிருந்தார்கள். காட்ட ஒரு செடி இல்லை.

விதை கெட இரண்டே வழி. ஒன்று வயலில்: பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் வண்டு அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் சுற்றி இருநூறு மீட்டருக்கு வேறு கத்தரி இருக்கக் கூடாது என்று விதி. நானே நாடா பிடித்து அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வழி உலர்த்தும் அறையில்: ஒரு ரகத்தைக் காயவைத்த துணியைச் சரியாக உதறாமல் அதிலேயே அடுத்த ரகத்தைக் கொட்டினால் விதையோடு விதை கலந்துபோகும். கத்தரி விதையைக் கண்ணால் பார்த்து ரகம் பிரிக்க யாராலும் முடியாது. அந்த வாரம் அவன் அறையில் முள்ளுப் பச்சைக் கத்தரி விதையும் காய்ந்துகொண்டிருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். மூவரும் கோப்பைப் பார்த்தார்கள். அவனைக் கேட்டார்கள். 'என் அறையில் நடந்திருக்கலாம்' — ஒரு வாக்கியம். சொன்னானா? தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊமைக்கோட்டான்.

பழி வயல்மேல் விழுந்தது. என்னைத் தலைமை ஆபீஸின் கடிதப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊமைக்கோட்டான் இன்று பண்ணைத் தலைவர்.

பிப்ரவரி 5

ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில், மருந்துகளுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அந்த வருட விதை. வெளியேறிய அன்று மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி வைத்தேன். காயவைத்து மூடிக் குளிரில் வைத்தால் கத்தரி விதைக்கு ஏழு வருடம் பெரிதில்லை.

விஷயம் எளிது. இரண்டு தப்பும் இரண்டு விதமாகக் காய்க்கும். உலர்த்தும் அறையில் கலந்திருந்தால், ஊதாச் செடிகளுக்கு நடுவே அசல் பச்சைக் கத்தரி வரும்: பச்சைத் தண்டு, உருண்டைப் பச்சைக் காய், முள். வண்டு கலந்திருந்தால் வருவது இரண்டுங்கெட்டான். ஊதாவுமில்லை, பச்சையுமில்லை.

இன்று விதைத்தால் ஜூனுக்குள் காய் பார்த்துவிடலாம். அசல் பச்சை வரட்டும். கல்யாணத்துக்குப் போகிறேன். கையில் இரண்டு காயோடு போகிறேன். பண்ணை ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவன் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருகிறேன். பேசாமல் இருப்பது எப்படி என்று அவனுக்கும் தெரியட்டும்.

ஒரு தட்டில் மண், மணல், மட்கிய எரு சமமாகக் கலந்து நாற்பது விதை போட்டேன். விரல் நக ஆழம். மேலே ஈரச் சாக்கு.

பிப்ரவரி 9

முளைக்கவில்லை. இன்னும் நாளாகவில்லை. தெரியும். இருந்தும் மூன்று முறை சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

பிப்ரவரி 12

ஸ்டோர்க்காரர் போன் செய்தார். பண்ணையின் பழைய ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெற்றும் மாதம் தவறாமல் கூப்பிடுவார். "உன்னைப் பலி குடுத்துட்டாங்கப்பா, எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்து அதிலேயே முடிப்பார். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. விதைத்ததைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 18

முளைத்துவிட்டது. ஏழு. கழுத்து வளைந்து, விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு.

பிப்ரவரி 24

இருபத்து மூன்று. இனி வராது. பழைய விதைக்கு நல்ல கணக்கு.

நான் தோட்டம் போடுகிறேன் என்பதில் என் மனைவிக்கு ஏக மகிழ்ச்சி. "ஆபீஸ்லேர்ந்து வந்து சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. இப்ப மண்ணையாவது பாக்குறீங்க," என்றாள். தண்ணீர் ஊற்றுவதை அவளே எடுத்துக்கொண்டாள். எதற்கு ஊற்றுகிறோம் என்று தெரிந்தால் ஊற்றுவாளா?

மார்ச் 2

வந்துவிட்டது! பத்தொன்பதாவது நாற்று. மற்றதெல்லாம் மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடைக்கு ஊதா படர்ந்த தண்டு. இது ஒன்று மட்டும் வெளிர்ப் பச்சை. அசல் பச்சை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஊதாவின் சாயலே இல்லை.

இரண்டு முறை முகம் கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை. ஏழு வருடம், மகனே, ஏழு வருடம்.

மார்ச் 3

ஆபீஸில் எல்லோரிடமும் நன்றாகப் பேசினேனாம். டைப்பிஸ்ட் அம்மா, "சாருக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்து மேசையில் கேட்டது என் காதில் விழுந்தது.

மார்ச் 8

தட்டு இடம் மாறியிருக்கிறது. குளியலறை ஜன்னலிலிருந்து கொல்லைப் படிக்கட்டுக்கு. பத்தொன்பதாவது நாற்றின் தண்டு ஊதாவாகிக்கொண்டு வருகிறது.

எதுக்கு நகத்தினே, யார் நகத்தச் சொன்னது, உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி — கத்தினேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஓரத்துல இருந்ததுக்கு மட்டும் வெயிலே படல. வெளுத்துக் கிடந்துச்சு. அதான் நகத்தினேன்."

வெயில் படாமல் வெளுத்த நாற்று. முதல் வருட மாணவன் கண்டுபிடித்துவிடுவான். எனக்குத் தெரியாதா? தெரியும். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன் என்ற அவசரம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும்.

மார்ச் 9

கேட்கவில்லை.

மார்ச் 27

நல்ல நாற்றாகப் பதினெட்டைப் பொறுக்கிப் பெரிய பைகளில் நட்டேன். கொல்லைச் சுவரோரம் இரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் தகர எண். மாலையில் நட்டால்தான் வாடாது. பதினெட்டும் ஊதாத் தண்டு. அசல் பச்சை ஒன்றுகூட இல்லை.

அதனால் என்ன? நாற்பது விதையில் கலப்பு வராமலும் போகலாம். ஒரு கைப்பிடி என்பது மூட்டை ஆகாது. நானே என் கீழ் வேலை பார்த்தவர்களிடம் இப்படி ஒரு சமாதானம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 11

இலைகளில் சல்லடையாக ஓட்டை. ஒரு சின்னக் கறுப்புப் பூச்சி. கிட்டப் போனால் தெறித்து ஓடுகிறது. வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன். வீடு முழுக்க நாற்றம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, யாருக்காவது தலையில் பேன் வந்திருக்கிறதா என்று விசாரித்தார்.

ஏப்ரல் 19

ஏழாம் எண் செடிக்குக் குச்சி கட்டும்போது சுருக்கென்று குத்தியது. இலையைத் திருப்பினேன். நடு நரம்பில் வரிசையாக மூன்று முள்.

பதினொன்று. பதினாறு. அவற்றிலும்.

ஊதாத் தண்டு. முள். இரண்டும் ஒரே செடியில்.

ஏப்ரல் 20

இது முடிவு இல்லை. காய் வரட்டும்.

ஏப்ரல் 21

காலையில் கொல்லைக்குப் போனது செடி பார்க்க அல்ல. மூன்றையும் பிடுங்கிவிடலாம் என்றுதான் போனேன். மீதிப் பதினைந்தும் பால்போலச் சுத்தமான ஊதா. விதையில் குறையே இல்லை, எல்லாம் சதி என்று ஸ்டோர்க்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம். நம்புவார். எதையும் நம்புவார்.

என் மனைவி ஏழாம் எண்ணுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, புடவைக் கிழிசலால் அதைக் குச்சியோடு தளர்வாகக் கட்டிக்கொண்டிருந்தாள். இதுதான் எல்லாவற்றிலும் திடமாக வருகிறது என்றாள். கலப்பு அப்படித்தான் வரும், வீம்புக்கு வளரும். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் எழுந்து போகும்வரை நின்றேன். பிறகு நானும் உள்ளே வந்துவிட்டேன்.

ஏழு வருடம் அந்தக் குப்பியை ஏன் திறக்கவில்லை? இடமில்லை, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். கொல்லை அப்போதும் இதே அகலம்தான்.

மே 6

பூ. ஊதா இதழ், நடுவில் மஞ்சள். முதல் பூக்கள் பாதி உதிர்ந்துவிடும், கவலைப்படக் கூடாது. பெரிய கறுப்பு வண்டு ஒன்று வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவிட்டது. அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். அரை மணி நேரம் பார்த்தேன். பதினெட்டுச் செடிக்கும் போயிற்று. அப்படியே சுவர் தாண்டிப் பறந்துபோயிற்று. யாரையும் கேட்கவில்லை.

மே 15

காய் பிடித்துவிட்டது. சுண்டு விரல் நுனி அளவு.

மே 29

பதினைந்து செடியில் நீள ஊதா. மூன்றில், கோழிமுட்டை வடிவம். ஊதாதான், ஆனால் அடிப்பக்கம் பச்சை வரி ஓடுகிறது. காம்புக் குல்லா முழுக்க முள்.

எழுதிவிடுகிறேன்: இது வண்டு செய்தது. தப்பு வயலில் நடந்தது. உலர்த்தும் அறையில் இல்லை.

ஆனால் எப்படி? இருநூறு மீட்டர். நான் அளந்தேன். நாலு பக்கமும் அளந்தேன். பொய் எழுதவில்லை. பொய் எழுதுகிறவன் இல்லை நான்.

ஜூன் 1

இன்று காலை அவள் ஏழாம் எண்ணிலிருந்து ஒரு காயைப் பறித்துக்கொண்டு வந்து, விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இது அந்த வாட்ச்மேன் வீட்டுக் காய் மாதிரியில்ல இருக்கு? பை பையாக் குடுத்து விடுவாரே உங்ககிட்ட. முள்ளு குத்திக் குத்தி எத்தன தடவ ரத்தம் வந்திருக்கு எனக்கு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாட்ச்மேன் குடியிருப்பு பண்ணை வேலிக்கு அந்தப்பக்கம். அதன் பின்னால் ஆறு செடி, முள்ளுப் பச்சை. மிஞ்சிய நாற்று வீணாகப் போகிறதே என்று நான்தான் அவருக்குக் கொடுத்தேன். என் வயல் வரப்பிலிருந்து அறுபது அடி நடந்தால் அந்தக் கொல்லை. தினம் அந்த வழியாகத்தான் போனேன். அந்தக் காயைத் தின்றேன். நாடா பிடித்தபோது வயல்களை மட்டும் அளந்தேன். அது வீடு, வயல் இல்லை. வீட்டுக் கொல்லையை எவன் வயல் என்று அளப்பான்?

வண்டுக்கு வீடென்ன, வயலென்ன.

ஜூன் 2

ஆபீஸுக்கு லீவு. எதுவும் தோன்றவில்லை.

ஜூன் 3

அவன்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏழு வருடம் புழங்கிய சாமான். என்மேல் திருப்பலாம் என்றால், என்மேல் கோபப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஜூன் 5

மனைவியிடம் சொன்னேன். குப்பி, நாற்று, முள், வாட்ச்மேன் கொல்லை, எல்லாம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கல்யாணத்தில் காயை மேசையில் வைக்க இருந்ததையும் சொன்னேன். அப்போதுதான் நிறுத்தினாள்.

"என் தங்கச்சிய ஏழு வருஷமா நான் எங்க பாத்தேன் தெரியுமா? துணிக்கடையில. கண்ணாடி முன்னாடி ஆளுக்கொரு புடவைய வச்சுப் பாக்குற மாதிரி நின்னு பேசிட்டு, ஒண்ணும் வாங்காம வருவோம். கடைக்காரனே திட்டுவான்."

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்பது முழு உண்மையில்லை. வெறுங்கையோடு திரும்புகிறவளை ஒருநாளாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

போய்ச் சொல்கிறேன் என்றேன். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 8

போகவில்லை. மழை.

ஜூன் 9

மழை இல்லை. போகவில்லை.

ஜூன் 15

போனேன்.

மச்சினி கதவைத் திறந்து, "வாங்க அத்தான்," என்றாள், நேற்றுத்தான் வந்துபோனவனைப் போல. கூடம் முழுக்கக் கல்யாணச் சாமான்கள். அவன் தரையில் உட்கார்ந்து அழைப்பிதழ் உறைகளில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது. எழுந்து நின்றான். பையிலிருந்த மூன்று காயையும் அவன் முன்னால் வைத்தேன். நீளம் ஒன்று, முட்டை இரண்டு. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போயிருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. முள்ளை விரலால் தடவிப் பார்த்தான். அந்தத் தொழிலில் இருப்பவன். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

"வாட்ச்மேன் கொல்லை," என்றேன்.

"தெரியும் அண்ணே."

அப்போதே தெரிந்திருக்கிறது. விசாரணைக்கு முந்தின நாள் அந்தக் கொல்லைக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்ட அளவு பொய்ச் சான்று ஆகிவிடும். மாற்றலோடு நிற்காது, வேலையே போயிருக்கும். வாட்ச்மேன் வேலையும் சேர்ந்து. தன் அறையில்தான் தப்பு என்று பழியை ஏற்றுக்கொள்ளவும் அவனால் முடியவில்லை. துணியை உதறி மாற்றியது அவன் கையாலேயே. அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, உறைகளை அடுக்கிக்கொண்டே சொன்னான்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தேன். நீங்க உள்ள இருந்துக்கிட்டே இல்லேன்னு சொல்லச் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

உண்மை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் மச்சினி. இன்னொரு நாள் என்றேன்.

ஜூன் 16

நேற்றையதை மறுபடி படித்தேன். ஒன்று விட்டுப்போயிற்று. வரும் வழியில் எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. நல்லவனாக இருப்பதை இவ்வளவு சத்தமில்லாமலா செய்திருக்க வேண்டும்? ஒரு கடிதம் எழுதி வீசியிருந்தால் ஏழு வருடம் மிச்சம். பிறகு நினைத்துக்கொண்டேன்: கடிதப் பிரிவில் இருப்பவன் நான். அவன் கையெழுத்தில் ஓர் உறை வந்திருந்தால் திறந்திருப்பேனா?

திறந்திருக்க மாட்டேன்.

ஜூன் 30

செடிகள் நன்றாகக் காய்க்கின்றன. தினம் ஒரு கூடை. தையல்காரருக்குக் கொடுத்தோம். முள்ளுள்ளதுதான் ருசி என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது, என்னத்தைச் சொல்ல.

ஜூலை 4

ஸ்டோர்க்காரர் போன். கல்யாணத்துக்கு அவருக்கும் அழைப்பு போயிருக்கிறது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எந்த முகத்தோடு போகிறேன் என்று கேட்டார். இருக்கிற முகத்தோடு என்றேன். சிரித்தார். விஷயத்தைச் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை.

ஜூலை 13

நேற்றுக் கல்யாணம்.

மதியச் சாப்பாட்டில் பண்ணை ஆட்கள் எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்தோம். ஸ்டோர்க்காரர் எனக்குப் பக்கத்தில். சகலை தானே ஜக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றி வந்தான். மகள் கல்யாணத்தில் இதற்கென்று ஆள் இல்லையா என்ன; உட்காரப் பிடிக்காத ஆள். அவன் இரண்டு நாற்காலி தள்ளி வந்தபோது, ஸ்டோர்க்காரர் குரலைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"பெரிய மனசுப்பா உனக்கு. அந்தக் கத்தரி விஷயத்துல உன்ன அநியாயமா மாட்டிவிட்டவங்க வீட்டுல வந்து சாப்புடுற பாரு."

எல்லோரும் சாப்பாட்டைப் பார்த்தார்கள். பழைய வேலையாள் ஒருவர் இருமினார். சகலை ஜக்கைச் சாய்த்தபடியே நின்றான். அவன் கண் தரைக்குப் போயிற்று. ஒரு கணம் அந்த விசாரணை அறையேதான். இன்னும் ஒரு முறை எனக்காக அவன் பேசாமல் இருக்கப் போகிறான் என்று புரிந்தது.

"யாரும் மாட்டிவிடல," என்றேன். "தப்பு என்னுது. வாட்ச்மேன் கொல்லையில நான் குடுத்த நாத்து. அத நான் அளக்கல. விதை போட்டுப் பாத்துட்டேன்."

ஸ்டோர்க்காரர் சரி விடுப்பா, பழைய கதை என்று தன் தட்டைக் கொஞ்சம் அந்தப்பக்கம் நகர்த்திக்கொண்டார். எனக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஆள். இனி மாதாமாதம் போன் வராது என்று நினைக்கிறேன்.

சகலை என் தம்ளரை நிரப்பினான். தண்ணீர் விளிம்புக்கு மேல் வந்து மேசையில் ஓடியது. எழுந்து அவன் கையிலிருந்த ஜக்கை வாங்கினேன்.

"காலையிலேர்ந்து நின்னுட்டிருக்க. உக்காந்து சாப்புடு தம்பி. நான் ஊத்தறேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் மேசையின் மறுகோடி வரை ஊற்றிக்கொண்டே போனேன்.